சட்டலைட் பலகையில சூடு பார்க்க வயரா பைபரா? மருமகனோட போட்ட கணக்கு

நான் சட்டலைட் செய்யுற ஆள் இல்ல, அத முதல்லயே சொல்லிடுறன். கல்லடியில இருந்து கல்முனை வரைக்கும் வீடு வீடா பைபர், அதான் வெளிச்சம் போற மெல்லிய கண்ணாடி நூல், இழுத்து ஸ்ப்ளைஸ் அடிக்கிறதுதான், அதாவது முனையோட முனைய உருக்கி ஒட்டுறதுதான் என்ட தொழில், பதினொரு வருசமா இதே கிளீவர் (பைபர் வெட்டுறது) இதே ஸ்ப்ளைசர் எண்டு போகுது. அக்காட மகன் ஒலுவில் கெம்பஸ்ல இஞ்சினியரிங் கடைசி வருசம், போன மாசம் வீட்ட வந்தவன் சோறு கூட திங்காம ஒரு கொப்பிய விரிச்சு வச்சிட்டு, "மாமா, சின்ன சட்டலைட் ஒண்டுட பலகையில சூடு எங்கெங்க எவ்வளவு எண்டு பார்க்கணும், பைபர் சென்சர் போடுறதா சாதாரண வயர் சென்சர் போடுறதா எண்டு ஒப்பிட்டு எழுதச் சொல்லி சேர் கேட்டிருக்கார், நீங்க பைபர்காரன்தானே சொல்லுங்க" எண்டான். பைபர்காரன் பைபர்தான் நல்லம் எண்டு சொல்லுவான் எண்டு நினைச்சிருப்பான் போல. நான் உடனே சொல்லல்ல, ரெண்டு கிழமை ரெண்டு பேரும் இதுக்குப் பின்னால திரிஞ்சம், அதுல விளங்கினதத்தான் இங்க எழுதுறன், இதே மாதிரி ப்ரொஜெக்ட் செய்யுற வேற பிள்ளைகளுக்கும் உதவும்.

அவன்ட வேலை என்னண்டா, 30 சென்ரிமீற்றருக்கு 20 சென்ரிமீற்றர் அலுமினியப் பலகை ஒண்டு, உள்ளுக்குள்ள தேன்கூடு மாதிரி அலுமினியத் தகடு, ரெண்டு பக்கமும் மெல்லிசா தோல் ஒட்டினது, சட்டலைட்ல இந்த மாதிரித்தான் பாவிக்கிறாங்க ஏனெண்டா பாரம் குறைவு, விறைப்பு கூட. ஒரு பக்கம் ஹலஜன் லைட் அடிச்சு வெயில் மாதிரி சூடாக்கணும், மற்றப் பக்கம் ஐஸ் வச்சு குளிராக்கணும், எட்டு இடத்துல சூடு பார்க்கணும். அவ்வளவுதான். ஆனா "இது நிசமான சட்டலைட்ல போனா என்ன தெரிவு செய்வீங்க" எண்டும் ரிப்போட்ல ஒரு பகுதி எழுதணும், அங்கதான் வில்லங்கம்.

400 கிலோமீற்றர் உயரத்துல சுத்துற சட்டலைட் ஒரு சுத்து முடிக்க ஒண்டரை மணித்தியாலத்துக்கு ஒள்ளுப்பம் கூடத்தான் எடுக்கும், அதுல பெரும்பங்கு வெயில், மிச்சம் பூமிட நிழல். வெயில் எண்டா எங்கட மட்டக்களப்பு வெயில் மாதிரி காத்துல வடிகட்டி வாறதில்ல, சதுர மீற்றருக்கு 1361 வொட் அளவுல நேரா அடிக்கும். அங்க காத்து இல்ல, அதால விசிறி போட்டு ஆத்தவும் ஏலாது, சூடு ஓடுறதெண்டா உலோகத்துக்குள்ளால ஓடணும் இல்லாட்டி கதிரா வெளிய போகணும், வேற வழி இல்ல. ஒரு பக்கம் சூடாகி மற்றப் பக்கம் குளிரா இருந்தா பலகை வளையும். வெயில்ல கிடந்த பலாப் பலகை எப்பிடி கோணுதோ அப்பிடித்தான், ஆனா மில்லிமீற்றருக்குள்ள. அந்தப் பலகையில கமராவோ அன்ரனாவோ பூட்டியிருந்தா அந்தச் சின்ன வளைவே காணும், கமரா வேற ஊரப் பார்க்கும். அப்ப சட்டலைட்காரனுக்கு சூடும் வேணும், வளைவும் வேணும். இத ஞாபகம் வச்சுக்கொள்ளுங்க, கடைசியில முடிவு இங்கதான் வந்து நிண்டது.

முதல்ல வயர் பக்கம். பிடி 1000 எண்டு ஒரு பிளாட்டினம் சென்சர், 0 டிகிரியில அதுட மின்தடை 1000 ஓம், ஒரு டிகிரி கூடினா ஏறக்குறைய 3.85 ஓம் கூடும், 100 டிகிரியில 1385 ஓம், மைனஸ் 100ல 602 ஓம் சொச்சம். நேர்கோடு மாதிரி போகும், கணக்கு லேசு, சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ரெண்டு மூணு சோத்துப் பார்சல்ட காசுக்கு ஒண்டு வாங்கலாம். தெர்மிஸ்டர் எண்டு இன்னொண்டு இருக்கு, அது அறைச் சூட்டுல ஒரு டிகிரிக்கு 4 வீதம் அளவுல மாறும், நல்லா உணரும், ஆனா குளிர் கூடினா ஓம் எக்கச்சக்கமா ஏறிப் போகும், அதால நீளமான ரேஞ்சுக்கு வில்லங்கம். தெர்மோகப்பிள் ரெண்டு உலோக வயர முறுக்கி ஒட்டுறது, கே வகை ஒரு டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட்தான் தரும், பக்கத்துல மோட்டர் ஓடினா அந்த மைக்ரோவோல்ட்டுக்குள்ள இரைச்சல் வந்து விழும். தரையில வெற்றிட அறையில சட்டலைட்ட சோதிக்கிற நேரம் இந்தத் தெர்மோகப்பிள நூத்துக்கணக்குல ஒட்டுவாங்க, முடிஞ்சதும் புடுங்குவாங்க, அது ஒரு தனிக் கூலி வேலை.

வயர்ட குறை எண்டு எல்லாரும் பாரத்தச் சொல்லுறாங்க. அது சரிதான், ஆனா எனக்குப் பெரிசா பட்டது வேற. செம்பு வயர் சூட்டக் கடத்தும். 0.32 மில்லிமீற்றர் தடிப்புள்ள ரெண்டு செம்பு வயர், 20 சென்ரிமீற்றர் நீளம், ரெண்டு முனைக்கும் 50 டிகிரி வித்தியாசம் எண்டு வச்சு மருமகன் கணக்குப் போட்டான், 16 மில்லிவொட் அந்த வயர்ல ஓடுது. ஒரு சோடிக்கு. பைபர்ல அதே கணக்குப் போட்டா கண்ணாடிட தடிப்பு 125 மைக்ரோன், கண்ணாடி சூட்ட செம்புல ஏறக்குறைய முன்னூறுல ஒரு பங்குதான் கடத்தும், விடை 4 மைக்ரோவொட். கிட்டத்தட்ட நாலாயிரம் மடங்கு வித்தியாசம். குளிரா வச்சிருக்க வேண்டிய ஒரு உணர்கருவிக்கு முப்பது சோடி வயர் போனா அது வயர் இல்ல, அடுப்பு. மறுகா பாரம், ஒரு மீற்றர் செம்புச் சோடி ஒண்டரைக் கிராம் அளவு வரும், உறை சேராம. ஒரு மீற்றர் பைபர்ல கண்ணாடி மட்டும் எடுத்தா 0.03 கிராமும் வராது.

ஆனா எட்டு இடத்துக்கு இதெல்லாம் ஒரு கணக்கே இல்ல. எட்டுச் சோடி வயர், பதினாறு நுனி, பின்னேரம் ஈயம் போட்டு முடிக்கலாம். அதுவும் வேண்டாமெண்டா டிஎஸ்18பி20 எண்டு ஒரு சில்லு இருக்கு, ஒவ்வொண்டுக்குள்ளயும் தனித்தனி இலக்கம், மூணே வயர்ல எத்தினையயும் வரிசையா கொழுவலாம், மைனஸ் 55ல இருந்து 125 டிகிரி வரைக்கும் போகும். ஒரே பைபர்ல கனக்க சென்சர் எண்டு பைபர்காரங்க பெருமை பேசுறதுட ஏழை வீட்டு வடிவம் இது. ஒரேயொரு விசயம், சந்தையில கள்ள சில்லு நிறைய ஓடுது, வாங்கினா ஐஸ் தண்ணியிலயும் கொதி தண்ணியிலயும் போட்டுப் பார்த்திட்டு ஒட்டுங்க.

இனி பைபர். மருமகன் கொண்டு வந்தது பைபர் ப்ராக் கிரேட்டிங், எஃப்பிஜி எண்டு சொல்லுவாங்க. பைபர்ட நடு மையத்துல அல்ட்ரா வயலட் வெளிச்சத்தால கோடு கோடா பதிஞ்சிருப்பாங்க, அந்தக் கோட்டு வரிசைதான் கிரேட்டிங், 1978ல கனடாவுல கென் ஹில் எண்டவர்ட குழு தற்செயலாக் கண்டுபிடிச்சது, 1989ல பக்கத்தால இருந்து பதியிற முறை வந்த பொறகுதான் வேண்டிய நிறத்துக்கு செய்யக்கூடியதாச்சு. மருதமுனை நெசவு பார்த்தவங்களுக்கு லேசா விளங்கும், தறியில நூலுக்கு நூல் இடைவெளி ஒரே அளவா இருக்குமே, அந்த மாதிரி கோட்டுக்குக் கோடு அரை மைக்ரோன் சொச்சம் இடைவெளி. அந்த இடைவெளிக்குப் பொருந்துற ஒரு நிறம் மட்டும் திரும்பி வரும், மிச்ச வெளிச்சம் கடந்து போகும். சூடேறினா இடைவெளியும் கண்ணாடிட ஒளித்தன்மையும் மாறும், திரும்பி வாற நிறமும் தள்ளிப் போகும். 1550 நனோமீற்றர் அலைநீள வெளிச்சத்துல ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 10 பிக்கோமீற்றர், பிக்கோமீற்றர் எண்டா நனோமீற்றர்ல ஆயிரத்துல ஒண்டு. திரும்பி வாற நிறத்த வாசிக்கிற பெட்டி 1 பிக்கோமீற்றர் பிரிச்சுப் பார்த்தா 0.1 டிகிரி. கேக்க நல்லா இருக்கு என்ன?

இதே சீலையை ரெண்டு கையால இழுத்தாலும் நூல் இடைவெளி கூடும். சூடா இழுவையா எண்டு இடைவெளியப் பார்த்து சொல்ல ஏலாது. எஃப்பிஜிக்கும் அதே கதைதான், ஒரு மைக்ரோஸ்ட்ரெய்னுக்கு, அதாவது நீளத்துல பத்து லட்சத்துல ஒரு பங்கு இழுபட்டா, 1.2 பிக்கோமீற்றர். பலகை வளைஞ்சு 100 மைக்ரோஸ்ட்ரெய்ன் இழுபட்டா 120 பிக்கோமீற்றர் தள்ளும், பெட்டி அத சூடு எண்டு நினைச்சா 12 டிகிரி கூடக் காட்டும். 100 மைக்ரோஸ்ட்ரெய்ன் எண்டா 30 சென்ரிமீற்றர் பலகை 0.03 மில்லிமீற்றர் நீளுறது, கண்ணுக்குத் தெரியாது. 0.1 டிகிரி துல்லியம் எண்டு விளம்பரம் போடுற சென்சர் 12 டிகிரி பொய் சொல்லும், அதுவும் சத்தமில்லாம சொல்லும். வயர் அறுந்தா தெரியும், இது தெரியாது.

இதுக்கு வழக்கமான வைத்தியம், கிரேட்டிங்க சின்னக் குழாய்க்குள்ள போட்டு ஒரு முனைய மட்டும் ஒட்டி மற்ற முனைய சும்மா விடுறது, அப்ப பலகை இழுபட்டாலும் பைபர் இழுபடாது, சூடு மட்டும் தெரியும். தரையில அருமையா வேலை செய்யும். ஆனா காத்து இல்லாத இடத்துல அந்தக் குழாய்க்குள்ள சும்மா கிடக்கிற கண்ணாடிக்கு யார் சூடு குடுக்கிறது? இங்க குழாய்க்குள்ள காத்து இருக்கு, அது சூட்ட கடத்துது, அதால உடனே காட்டும். வெற்றிடத்துல குழாய் முட்டுற இடத்தாலயும் கதிராலயும்தான் சூடு வரணும், அப்ப பிந்தித்தான் காட்டும். வெயில்ல இருந்து நிழலுக்குப் போற நிமிசத்துல பிந்தினா என்னத்துக்கு அந்த சென்சர்? நாங்க இத சோதிக்க கல்முனையில ஏசி திருத்துற ஒரு தம்பிட வெக்கம் பம்ப வாங்கி தடிச்ச கண்ணாடி ஜாடிக்குள்ள வச்சுப் பார்த்தம். அது சில பஸ்கல் வரைக்கும்தான் இறக்கும், அந்த அளவுல காத்து சுழலுறது நிக்கும், ஆனா மிச்சமிருக்கிற காத்து இன்னும் சூட்டக் கடத்திக்கொண்டுதான் இருக்கும், உண்மையான வெற்றிட அறை இதவிட ஆயிரம் மடங்குக்கு மேல இறக்கும். அதால எங்கட ஜாடிய நம்பி "வெற்றிடத்துல சோதிச்சம்" எண்டு எழுதாத மனே எண்டு சொல்லிட்டன்.

அப்ப முழுசா ஒட்டிட்டா? அலுமினியம் ஒரு டிகிரிக்கு 23 மைக்ரோஸ்ட்ரெய்ன் நீளும், கண்ணாடி அரை மைக்ரோஸ்ட்ரெய்ன்தான் நீளும், முழுசா ஒட்டியிருந்தா அலுமினியம் கண்ணாடியையும் சேர்த்து இழுக்கும். 22.5ஐ 1.2ஆல பெருக்கி 10ஐக் கூட்டினா ஒரு டிகிரிக்கு 37 பிக்கோமீற்றர். உணர்வு நாலு மடங்கு கிட்ட கூடிட்டு எண்டு மருமகன் துள்ளினான். நான் சொன்னன் பொறு, இடத்தையும் பாரு. வாசிக்கிற பெட்டிக்கு 1525ல இருந்து 1565 வரைக்கும் 40 நனோமீற்றர்தான் இருக்கு எண்டு வை, ஒவ்வொரு கிரேட்டிங்குக்கும் அதுல ஒரு காணித்துண்டு பிரிச்சுக் குடுக்கணும், ஒண்டு மற்றதுட வளவுக்குள்ள போயிட்டா ரெண்டையும் பிரிக்க ஏலாது. மைனஸ் 100ல இருந்து 100 வரைக்கும் போற சட்டலைட்ல குழாய்க்குள்ள இருக்கிற கிரேட்டிங் 2 நனோமீற்றர் நடக்கும், வேலிக்கு இடம் விட்டாலும் ஒரு பைபர்ல பதினைஞ்சு வைக்கலாம். அலுமினியத்துல ஒட்டினது 7.4 நனோமீற்றர் நடக்கும், அஞ்சுதான் வைக்கலாம். பதினைஞ்சு எங்க அஞ்சு எங்க. காபன் பைபர் பலகை எண்டா கதை வேற, அது சூட்டுக்கு பெரிசா நீளாது, ஒட்டினாலும் 10 பிக்கோமீற்றருக்குக் கிட்டத்தான் நிக்கும். அதோட குளிர் கூடக் கூட அந்த 10உம் குறைஞ்சுகொண்டே போகும், நேர்கோடு இல்ல, அதால அறைச் சூட்டுல எடுத்த இலக்கத்த மைனஸ் 100ல பாவிச்சா பிழைக்கும்.

ஒவ்வொரு சென்ரிமீற்றரும் பார்க்கலாமே, கிரேட்டிங்கே வேண்டாமே எண்டு இன்னொரு கட்சி இருக்கு. வெளிச்சம் பைபருக்குள்ள எல்லா இடத்துலயும் கொஞ்சம் சிதறும், அதுல மூணு வகை. ராமன் சிதறல், திருச்சியில பிறந்த சி.வி. ராமன் 1928ல கண்டது, 1930ல நோபல் வாங்கிக் குடுத்தது, இழுவை அத பெரிசா பாதிக்காது, சூடு மட்டும் சொல்லும், அந்த விதத்துல தங்கம். ஆனா ஒரு மீற்றர் அளவுக்குத்தான் பிரிச்சுப் பார்க்கும், எண்ணெய்க் கிணறு, சுரங்கம், மின்சாரக் கேபிள் எண்டு கிலோமீற்றர் கணக்குக்கு சரி, 30 சென்ரிமீற்றர் பலகைக்கு எதுக்கு. பிரில்லுவான் சிதறலும் வழக்கமா மீற்றர் கணக்குத்தான், ஒரு டிகிரிக்கு ஒரு மெகாஹேர்ட்ஸ் அளவு, சூடும் இழுவையும் கலந்து வரும். மூணாவது ரெய்லி சிதறல், ஓஎஃப்டிஆர் எண்டு லேசர்ட நிறத்த மாத்தி மாத்தி வாசிக்கிற முறையில வாசிச்சா மில்லிமீற்றர் கணக்குல பார்க்கலாம், சும்மா எங்கட வீட்டுக்கு இழுக்கிற பைபரே சென்சர் ஆகும். எனக்கு இது வாசிக்க வாசிக்க ஆசையா இருந்திச்சு, பொய் சொல்லல்ல. ஆனா முதல்ல ஒரு முறை வாசிச்சு வச்சு, பொறகு அதோட ஒப்பிட்டுத்தான் வித்தியாசம் சொல்லும், பலகை அதிர்ந்தா வாசிப்பு குழம்பும், இழுவைப் பிரச்சினை இங்கயும் அப்பிடியே இருக்கு, பெட்டிட விலை பல பத்தாயிரம் டொலர். தரையில சோதிக்கிற பெரிய நிறுவனத்துக்கு சரி, எங்களுக்கு கனவு.

மேல போனது எதாவது இருக்கா எண்டும் தேடினம், இருக்கு. ஐரோப்பாவுட ப்ரோபா 2 எண்ட சின்ன சட்டலைட் 2009 நவம்பர் 2ஆம் திகதி ரஷ்யாவுட பிளெசெட்ஸ்க்ல இருந்து போனது, அதுல கனடா எம்பிபி நிறுவனம் செஞ்ச பைபர் சென்சர் தொகுதி இருந்திச்சு, தள்ளு இயந்திரத் தொகுதிட சூடும் அழுத்தமும் பார்த்தது. எரிபொருள் தாங்கிக்கும் குழாய்க்கும் பக்கத்துல மின்சாரமே போகாத சென்சர் எண்டா அதுல ஒரு நியாயம் இருக்கு. நாசாவுல 2003ல ஹீலியோஸ் எண்ட சூரிய விமானம் பறக்கும்போதே இறக்கை அளவுக்கு மிஞ்சி வளைஞ்சு உடைஞ்சு பசுபிக் கடல்ல விழுந்த பொறகு, இறக்கை பூரா பைபர் ஒட்டிப் பார்க்கிற முறைய வளர்த்தாங்க, அந்த வழியில வந்த பெட்டி 2022 நவம்பர் 10ஆம் திகதி போன லொஃப்டிட் எண்ட 6 மீற்றர் ஊதிப் பெருக்கிற வெப்பக் கவசத்துல சூடு பார்த்தது. ஜேர்மன்காரன்ட ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் 2023 ஜூலை 5ஆம் திகதி, ஏரியன் 5ட கடைசிப் பறப்புல போனது, அதுல வச்ச தொகுதிதான் என்ட மனசுக்குப் பிடிச்சது, ஒரே பெட்டி, ஒரு பக்கம் சாதாரண மின் சென்சர் வரிசை, மறுபக்கம் கிரேட்டிங் பைபர். சண்டை பிடிக்காம ரெண்டையும் வச்சிருக்கான். எங்கட நாட்டு ராவணா 1, 2019ல போனது, பத்து சென்ரிமீற்றர் கனசதுரம், ஒரு கிலோ அளவு. அதுக்குள்ள லேசரும் நிறம் பிரிக்கிற தொகுதியும் வைக்கிறதெண்டா மற்றச் சாமான் எல்லாத்தையும் வெளிய எடுக்கணும்.

பைபர்ட தோலப் பத்தி கட்டாயம் சொல்லணும் ஏனெண்டா இது என்ட இடம். நாங்க வீட்டுக்கு இழுக்கிறதுல அக்ரிலேட் பூச்சு, 85 டிகிரிக்கு மேல நம்ப ஏலாது. பலகைக்குள்ள வச்சு ஒட்டிச் சுடுறதெண்டா அது கருகும். பொலிமைட் பூச்சு 300 டிகிரி வரைக்கும் தாங்கும், மெல்லிசாவும் இருக்கும், ஆனா தண்ணிய உறிஞ்சி ஊதும், ஊதினா பைபர இழுக்கும், இழுத்தா நிறம் தள்ளும். எங்கட வாவிக்கரையில வாடைக் காலத்துல காத்துல இருக்கிற ஈரத்துல வச்சு அளவு சரி பார்த்திட்டு அதையே வெற்றிடத்துக்குள்ள வச்சா ஈரம் எல்லாம் போயிடும், சூடு மாறாமலே இலக்கம் மாறும். மருமகன் இத கேட்டதும் தலையில கை வச்சான், அவன் எடுத்த முதல் அளவெல்லாம் மழை நாளுல எடுத்தது. பசையும் அப்பிடித்தான், விண்வெளிக்குப் போற பசைய 125 டிகிரியில வெற்றிடத்துல 24 மணித்தியாலம் வச்சா பாரத்துல 1 வீதத்துக்கு மேல இழக்கக்கூடாது, போய் படியிற ஆவி 0.1 வீதத்துக்கு மேல இருக்கக்கூடாது எண்டு சோதனை இருக்கு, ஏனெண்டா அந்த ஆவி கமராட கண்ணாடியில போய் படியும். ஹாட்வெயார்ல வாங்குற ரெண்டு குழாய்ப் பசை அந்தச் சோதனைக்கு செய்யப்பட்டதில்ல. கதிர்வீச்சு பட்டா கண்ணாடி கறுத்து வெளிச்சம் குறையும், ஜேர்மேனியம் கலந்த மையம் கூடுதலா கறுக்கும், கிரேட்டிங்ட நிறமும் மெல்ல நகரும், அந்த நகர்வும் பெட்டிக்கு சூடு மாதிரித்தான் தெரியும்.

நாங்க செஞ்ச கூத்தையும் சொல்லுறன். கிரேட்டிங்க எடுத்த எடுப்புல ஒட்டி நாசமாக்கக்கூடாது எண்டு, என்டகிட்ட கிடந்த சாதாரண பிக்டெயில, அதான் ஒரு முனையில கனெக்டர் பூட்டின துண்டு பைபர, அலுமினியத் தகட்டுல ஒட்டி வீட்டு தகரக் கூரைக்கு மேல பகல் வெயில்ல வச்சம். பசை இறுகினதும் பவர் மீற்றர்ல வெளிச்ச லொஸ் (இழப்பு) ஒரு டிபிக்கு மேல ஏறிட்டு, பசை இறுகும்போது பைபர நெளிச்சிருக்கு. மூணாம் நாள் முறிஞ்சிட்டு. எங்க முறிஞ்சது? பசை முடிஞ்சு பைபர் வெளிய வாற விளிம்புல. சூட்டுல நீண்டு முறிஞ்சதில்ல, தகடு 30 டிகிரி கூடச் சூடாகினாலும் 700 மைக்ரோஸ்ட்ரெய்ன்தான், நல்ல பைபர் ஒரு வீதம், அதாவது 10,000 தாங்கும். விளிம்புல பசை கத்தி மாதிரி இறுகி நிண்டது, காத்துக்கு வால் ஆடினது, தோலுரிச்ச இடத்துல கீறலும் இருந்திருக்கும். தெருவில தூண்ல ஏறி வேலை செய்யுற எங்களுக்கு இது தெரியாத விசயம் இல்ல, இருந்தும் அவசரத்துல விட்டுட்டன், அக்கா வேற கீழ நிண்டு "சின்னப் பிள்ளையள் மாதிரி ரெண்டு பேரும் கூரையில என்ன செய்யுறீங்க" எண்டு சத்தம். அடுத்த தரம் விளிம்புல சிலிக்கன் மாதிரி மெதுவான பசை வச்சு மெல்லிய குழாய்க்குள்ளால வெளிய எடுத்தம், நிண்டது. ஒரு பைபர் முறிஞ்சா அதுக்கு அங்கால உள்ள அத்தினை சென்சரும் போச்சு, இது தனித்தனிச் சோடியா போற வயருக்கு இல்லாத ஆபத்து. ரெண்டு முனையாலயும் வாசிக்கிற மாதிரி வளையமா போட்டா ஒரு முறிவு தாங்கும், ஆனா கனெக்டர் ஒண்டு கூடும். கனெக்டர் எண்டா தூசு, உப்புக் காத்து, துடைக்கிற வேலை.

காசுக் கணக்குக்கு வந்தா கிரேட்டிங் பைபர் பெரிய விலை இல்ல, வாசிக்கிற பெட்டிதான் ஆயிரக்கணக்கான டொலர். பெட்டியும் தானே சூடாகி நகரும், அதுக்குள்ள வாயு அடைச்ச குப்பி மாதிரி மாறாத ஒரு அடையாளம் இருக்கணும், இல்லாட்டி பெட்டிட சூட்டத்தான் பலகைட சூடு எண்டு வாசிச்சிட்டு இருப்பம். ஆனா ஒரு பெட்டிக்கு பல பைபர், ஒரு பைபருக்கு பத்துப் பதினைஞ்சு சென்சர் எண்டு போகும்போது தலைக்கு விலை இறங்கும். நூத்துக்கணக்கான இடத்துல சூடு பார்க்கிற பெரிய தொலைத்தொடர்பு சட்டலைட்ல, வயர் கட்டி முடிக்கவே ஆள் கூலி எக்கச்சக்கம் ஆகுற இடத்துல, சக்தி கூடின ரேடியோ பெட்டிகளுக்கு நடுவுல, பைபர் தன்ட காசைத் தானே உழைக்கும். எட்டு இடத்துக்கு இல்ல.

அதால என்ட தீர்ப்பு, பைபர்காரன்ட வாயால: வெறும் சூடு, முப்பது நாப்பது இடத்துக்குள்ள எண்டா பிடி 1000, கண்ண மூடிக்கொண்டு. இடம் நூத்துக்கு மேல போனாலோ, மின்சாரம் கிட்ட போகக்கூடாத இடமெண்டாலோ, வயர்ட சூடே பிரச்சினை எண்டாலோ கிரேட்டிங். காபன் பைபர் பலகைக்குள்ளயே புதைச்சு வைக்கணும் எண்டாலும் கிரேட்டிங்தான், ஆனா காபன் நூல் போற திசையிலயே வைக்கணும், குறுக்கால வச்சா அந்த இடத்துல பசை தேங்கி பலகை பலவீனமாகும். சூடும் வளைவும் ரெண்டும் வேணும் எண்டா, அங்கதான் ரெண்டையும் சேர்க்கணும், ஒட்டின கிரேட்டிங்குக்குப் பக்கத்துல ஒரு பிடி 1000 வச்சா அது சூட்டச் சொல்லும், அந்தச் சூட்டுக்குரிய 37 பிக்கோமீற்றர் கணக்க கழிச்சா மிச்சம் வளைவு. பைபர்ட குறை எண்டு இவ்வளவு நேரம் திட்டினதே அந்த இடத்துல வேலைக்காரனா மாறுது, சூடு பார்க்கிற வயர் சென்சரால மட்டும் இது ஏலாது.

மருமகன்ட பலகைக்கு கடைசியா எழுதினது இதுதான்: எட்டு இடத்துலயும் பிடி 1000, அதுல நாலுட பக்கத்துல ஒட்டின கிரேட்டிங் நாலு, அஞ்சாவது கிரேட்டிங் குழாய்க்குள்ள சும்மா, எல்லாம் ஒரே பைபர்ல. 0ல இருந்து 80 டிகிரி வரைக்கும்தான் சோதிக்கிறான், ஒட்டினது ஒவ்வொண்டும் 3 நனோமீற்றர் நடக்கும், வேலியோட 4 எண்டாலும் மொத்தம் 20, 40 நனோமீற்றருக்குள்ள தாராளமா அடங்கும். வாசிக்கிற பெட்டி வேற ஒரு லாப்ல ரெண்டு நாளைக்கு இரவல் தாறதா சொல்லியிருக்காங்க. சேர் வரைபடத்தப் பார்த்திட்டு குழாய்க்குள்ள இருக்கிறது என்னத்துக்கு எண்டு மட்டும் கேட்டாராம், இவன் வெற்றிடத்துல அது எவ்வளவு பிந்துது எண்டு பிடி 1000ஓட ஒப்பிட எண்டு சொல்ல ஓம் எண்டிட்டார்.

ஒட்டுற வேலை என்ட தலையில. வாற சனிக்கிழமை சாமானோட ஒலுவிலுக்குப் போறன், அதுக்கு முதல் கிளீவர் பிளேட்ட மாத்தணும், பொலிமைட் தோல சாதாரண ஸ்ட்ரிப்பரால உரிக்க ஏலாது, அதுக்கு வழி பார்க்கணும். மழை பெஞ்சா பிந்துவம் எண்டு சொல்லி வச்சிருக்கன்.